வசந்தமலரின் சனிக்கிழமைகள்

லண்டன் சுரங்க ரயில்கள் ஒவ்வொன்றும் எந்த ஊரில் போய் முடிகின்றன என்பதை வரைபடம் பாராமலே சொல்லக்கூடிய ஒருவரை நான் அறிவேன். அவர் பெயர் வசந்தமலர். நோர்பரியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் வசித்தார். வீடு அவருடைய அண்ணன் இராஜேந்திரனுடையது. திங்கள் முதல் வெள்ளி வரை பார்க் ராயலில் உள்ள ஒரு தொழிற்சாலையில், ரொட்டித் துண்டுகளுக்கு இடையே முட்டையும் தக்காளியும் அடுக்கி சாண்ட்விச் செய்வது அவருடைய வேலை. சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து 1986இல் அண்ணனிடம் வந்து சேர்ந்தவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தெரிந்திருந்த லண்டன் மிகச் சிறியது. வீடு, ரயில், தொழிற்சாலை, உறவினர் திருமணம் என்றால் வெம்பிளியில் ஒரு மண்டபம். அந்த எல்லையை அவர் எப்படித் தாண்டினார் என்று ஒருமுறை கேட்டேன். காரணம் வாராந்தர டிராவல் கார்டு என்றார்.

"ஏழு நாளைக்கெண்டு காசு வாங்கிறாங்கள். நான் ஓடுறது அஞ்சு நாள். மிச்சத்தை ஏன் அவங்களுக்கு விட்டுக் குடுப்பான் எண்டு ஒரு சனிக்கிழமை ஏறினன். இறங்க மனம் வரேல்லை. கடைசி ஸ்டேஷனில ஆள் வந்து தட்டி எழுப்பித்தான் இறக்கினவன்."

அன்று முதல் அதுவே அவருடைய முறையாயிற்று. ஒரு ரயிலில் ஏறுவார், அது முடியும் ஊரில் இறங்குவார், நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடையைத் தேடி உட்கார்ந்து, "இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று தம்முடைய ஆங்கிலத்தில் கேட்பார். பெரும்பாலும் "ஒன்றுமில்லையே, அம்மா" என்றுதான் பதில் வரும். தேநீரைக் குடித்துவிட்டு அந்த ஒன்றுமில்லாததைப் பார்க்கப் புறப்படுவார். வாத்துகள் நீந்தும் குட்டை, போரில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய கல், யாரோ ஒருவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து வரவேற்ற ரோஜாத் தோட்டம் என்று அவர் கண்டவை பல. மாலையில் வீட்டுக்கு வந்து அவற்றை ஒன்று விடாமல் சொல்வார். அண்ணனுக்கு அந்த நேரம் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட்டுக்குப் புறப்படும் அவசரம். அண்ணி பாலாம்பிகை வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பதுபோல் இருப்பார்.

நான் திருச்சியிலிருந்து புள்ளியியலில் முதுகலை படிக்க 1991 செப்டம்பரில் வந்தேன். முதல் சனிக்கிழமை காலையில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. கோட்டு, குடை, தோளில் பை, பையில் ரொட்டிப் பொட்டலம் ஆகிய ஆயத்தங்களோடு அவர் நின்றார்.

"கோதை, படிப்புப் படிப்பெண்டு அறைக்குள்ள கிடந்து என்ன செய்யப் போறீர்? வெளிக்கிடும்."

"எங்கக்கா போறோம்?"

"அமர்ஷம்."

"அங்க என்ன இருக்கு?"

"தெரியாது. அதுதானே போறம்."

அந்தக் கல்வியாண்டில் நாங்கள் போன ஊர்களின் புகைப்படங்களுக்குப் பின்னால் ஊரும் நாளும் எழுதி வைத்திருக்கிறேன். எப்பிங், அப்மின்ஸ்டர் என்று கார்டு செல்லுபடியாகும் எல்லைக்குள் தொடங்கியவை, குளிர் குறைந்ததும் கேன்டர்பரி, ஹேஸ்டிங்ஸ், கேம்பிரிட்ஜ் என்று நீண்டன. நான் வழிகாட்டி நூல் படித்துக் குறிப்போடு போவேன். அவர் அதைக் கண்டால் சிரிப்பார். "சோதனைக்குப் போறமாதிரி வாறீர்" என்பார். படங்களில் அவர் எங்கும் நேராக நின்று கேமராவைப் பார்த்ததில்லை. முகம் எப்போதும் அடுத்த தெருவின் பக்கம் திரும்பியிருக்கும்.

இதற்கெல்லாம் அவர் கொடுத்த விலையும் உண்டு. சனிக்கிழமை ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். அதை மறுக்கும் ஒரே தமிழ்ப் பெண் என்று தொழிற்சாலையில் அவருக்குப் பெயர். உறவினர்களிடையே வேறு பேச்சு. முப்பத்துநான்கு வயதில் திருமணமாகாத பெண் வாரந்தோறும் ரயிலேறி எங்கே போகிறாள் என்ற கேள்வி, பாலாம்பிகையின் காதுக்கு மட்டும் வருமாறு கவனமாகக் கேட்கப்பட்டது.

1992 வசந்தத்தில் ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கனகலிங்கம், பாரிஸில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை, அங்கே வதிவிட உரிமை உண்டு. சாதகம் பொருந்தியது. அனுப்பியிருந்த படத்தில் அடர்ந்த தலைமுடியோடு ஒருவர் போலிப் பூச்செடிக்கு அருகில் நின்றிருந்தார். இராஜேந்திரன் அண்ணாவுக்குத் திருப்தி. பாலாம்பிகை அக்காவுக்கு நிம்மதி. வசந்தமலர் அக்கா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

அந்தச் சமயத்தில் கல்லூரி மாணவர் சங்கம் பாரிஸுக்கு வார இறுதிப் பேருந்துப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்தது. நான் பெயர் கொடுத்ததை அறிந்த இராஜேந்திரன் அண்ணா, ஒரு பொட்டலத்தை என் மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி, ஒரு சின்னப் பார்சல். மிளகாய்த்தூளும் பயத்தம் பணியாரமும். கனகலிங்கத்தார் வீட்டில குடுத்தாச் சரி."

"அவ்வளவுதானா அண்ணா?"

"அவ்வளவுதான்." கதவு வரை போனவர் திரும்பினார். "குடுக்கேக்கை ஆளை ஒருக்காப் பாரும். குடிக்கிற முகமோ, கால் கை சுகமோ, கதைக்கிற விதம் என்ன மாதிரி... சும்மா, உமக்குப் படுறதைச் சொன்னாப் போதும்."

பொருளைக் கொடுக்கப் போனதாகப் போய் ஆளைப் பார்த்து வருவது யாழ்ப்பாணத்தவரிடையே மரியாதையான வழக்கம் என்று பின்னர் அறிந்தேன். கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது, முகவரி விசாரிக்கப் போவது, கடனாக வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தருவது ஆகியவையும் இந்த வகையில் அடங்கும். பார்க்க வந்தோம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பார்க்க வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் முறிந்தால் எவருக்கும் தலைகுனிவு இல்லை.

புறப்படும் முன் வசந்தமலர் அக்கா என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணை கேட்டதை நீர் அண்ணைக்குச் சொல்லும். எனக்கு ஒண்டு மட்டும் கேட்டுக்கொண்டு வாரும். வேலை இல்லாத நாளில அவர் என்ன செய்யிறவர்?"

"ஏங்க்கா, அது அவ்வளவு முக்கியமா?"

"எனக்கு அதுதான் முக்கியம். அங்கை போய் ஏழு நாளும் ஒரு அறைக்குள்ள இருக்கிறதெண்டா எனக்கு ஏலாது, கோதை. ஆனா வேண்டாமெண்டு சொல்லவும் பயமாக் கிடக்கு. இதுக்குப் பிறகு ஆர் கேக்கப் போகினம்?"

பாரிஸில் மற்றவர்கள் கோபுரத்துக்குப் போனபோது, நான் பொட்டலத்தோடு லா சப்பல் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்கு ஏறினேன். கதவைத் திறந்தவர் பஸ்தியாம்பிள்ளை. கனகலிங்கத்தோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர்களில் மூத்தவர். பேச்சில் முதல்வரும் அவரே. உள்ளே நான் கண்ட காட்சி ஒரு பொட்டலத்துக்கு உரிய வரவேற்பாக இல்லை. மேசைமீது புதிய விரிப்பு, இறால் பொரியல், ஆட்டிறைச்சிக் கறி, மூன்று வகை இனிப்பு. சுவரோரம் நான்கு ஆண்கள் சலவைச் சட்டைகளோடு வரிசையாக நின்றனர். நடுவில் கோட்டும் டையும் அணிந்து, வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியும் போட்டு, வியர்த்துக்கொண்டிருந்தவர்தான் கனகலிங்கம்.

"இருங்கோ பிள்ளை, இருங்கோ" என்று நாற்காலியைத் துடைத்தார் பஸ்தியாம்பிள்ளை. "இவனைப்போல ஒரு பொறுப்பான பெடியனை பாரிஸிலேயே காணமாட்டியள். பத்து மணிக்குப் பிறகு வெளியில கால் வைக்கமாட்டான். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டான். ஞாயிற்றுக்கிழமை எண்டா கோயில், பிறகு தேவாரம்..."

"எப்ப பாடினனான்?" என்று தொப்பிக்காரர் மெல்லக் கேட்டார்.

"மனதுக்குள்ள பாடுறவன்" என்றார் பஸ்தியாம்பிள்ளை, என்னைப் பார்த்து. "லண்டனிலையிருந்து வந்த களை தெரியுது. அண்ணை சுகமா இருக்கிறாரோ?"

"ஆமாங்க, நல்லா இருக்காங்க. இதைக் கொடுத்துட்டு வரச் சொன்னாங்க."

சுவரோரம் நின்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"நீங்கள்... இந்தியாவோ?" என்றார் பஸ்தியாம்பிள்ளை.

"திருச்சிங்க. அவங்க வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கேன்."

"அப்ப பொம்பிளை?"

"அவங்க லண்டன்லதான் இருக்காங்க."

அவர்கள் கணக்குப் பிழைத்த விதம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொட்டலம் ஒரு சாக்கு என்று சரியாகவே ஊகித்திருந்தார்கள். அதோடு நில்லாமல், பொட்டலம் கொண்டு வரும் மாணவி என்பதும் ஒரு சாக்கு, மணப்பெண்ணே நேரில் பார்த்துப் போக வருகிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். கனகலிங்கம் நீண்ட மூச்சு விட்டு, டையைத் தளர்த்தி, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். படத்தில் இருந்த முடி தலையில் இல்லை.

"போய் உள்ளதைச் சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார். "அந்தப் படம் வந்த புதுசில எடுத்தது. இவங்கள்தான் தொப்பியைப் போடு எண்டு கொல்லுறாங்கள்."

அதன் பிறகே அவர் பேசத் தொடங்கினார். எனக்கு உணவு பரிமாறியதும் அவர்தான். நான் வசந்தமலர் அக்காவின் கேள்வியைக் கேட்டேன். பஸ்தியாம்பிள்ளை மறுபடியும் கோயிலில் ஆரம்பிக்க, கனகலிங்கம் கையால் தடுத்தார்.

"ஞாயிறுதான் லீவு. நித்திரை கொள்ளுவன். பின்னேரம் எழும்பி உடுப்புத் தோய்ப்பன். வேறை ஒண்டுமில்லை. பொய் சொல்லிக் கலியாணம் கட்ட ஏலாது."

"ஊர் சுத்திப் பார்க்கப் போறதில்லையா?"

"ஆரோட போறது? இவங்களும் நித்திரைதான்." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அவ போறவவோ?"

நான் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். எப்பிங், அமர்ஷம், கேன்டர்பரி. "தனியவோ?" என்று பஸ்தியாம்பிள்ளை புருவத்தை உயர்த்தினார். கனகலிங்கம் அவரைக் கவனிக்கவில்லை. படியிறங்கும்வரை என்னோடு வந்து, வாசலில் நின்று, "அவ தானே வந்திருந்தாலும் பிழையில்லை எண்டு சொல்லுங்கோ. வந்திட்டா எண்டு நினைச்சுப் பயந்தனான்தான். ஆனா சந்தோஷமா இருந்தது" என்றார்.

நோர்பரியில் அண்ணனுக்கான அறிக்கையை உணவு மேசையில் சமர்ப்பித்தேன். குடிக்கும் முகம் இல்லை. கால் கை சுகம். முடி இல்லை.

"முடி என்னத்துக்கு? இவருக்கு மட்டும் என்ன கிடக்கு?" என்றார் பாலாம்பிகை அக்கா.

வசந்தமலர் அக்காவுக்கான பதிலைச் சமையலறையில் சொன்னேன். நித்திரை என்றதும் அவர் முகம் வாடியது. பெண்ணே நேரில் வந்திருந்தாலும் பிழையில்லை என்ற கனகலிங்கத்தின் செய்தியைச் சொன்னதும், கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவர் அப்பிடிச் சொன்னவரோ?"

"அப்படியே சொன்னார்."

கையைத் துடைத்துக்கொண்டு நேராக அண்ணன் முன்னால் போய் நின்றார். "அண்ணை, நான் ஆளைக் கண்டுபோட்டுத்தான் முடிவு சொல்லுவன்."

"படம் கண்டனீதானே?"

"படத்தில இருக்கிற தலை இப்ப இல்லையாம். வேறை என்னென்ன இல்லையோ ஆருக்குத் தெரியும்?"

"மாப்பிள்ளை பாக்கப் பொம்பிளை கப்பலேறிப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

இதற்குப் பதில் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. "போகட்டும்" என்றார் பாலாம்பிகை அக்கா. "நானும் கலியாணத்துக்கு முதல் உங்களை ஒருக்காக் கண்டிருந்தா யோசிச்சிருப்பன். அவளாவது யோசிக்கட்டும். நானும் கூடப் போறன்."

கனகலிங்கத்துக்குப் பிரிட்டிஷ் விசா கிடைப்பது கடினம். ஆகவே பாதி வழி என்று பிரெஞ்சுக் கரையில் உள்ள கலே துறைமுகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரு பெண்களின் பயணப் பத்திரங்களுக்கும் பிரெஞ்சு விசா வாங்கக் கோடை முழுவதும் ஆயிற்று. இடையில் தொலைபேசியில் பேசலாமே என்று அண்ணன் சொன்னபோது, "கண்டிட்டுக் கதைப்பம்" என்று வசந்தமலர் அக்கா மறுத்துவிட்டார். உறவினர்களிடம், கோதையின் படிப்பு விஷயமாகப் பிரான்ஸ் போகிறோம் என்று சொல்லப்பட்டது. சாக்கு இல்லாமல் போக பாலாம்பிகை அக்காவுக்கு மனம் வரவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோவரிலிருந்து கப்பலேறினோம். எந்தப் பயணத்திலும் முன்னால் போய் நிற்கும் வசந்தமலர் அக்கா, அன்று மேல்தளத்துக்குப் போகாமல் உள்ளே உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். கனகலிங்கம் கலே ரயில் நிலைய வாசலில் தொப்பியில்லாமல் நின்றார். அந்த வழுக்கைத் தலையைக் கண்டதும் வசந்தமலர் அக்கா என் காதில், "நல்லவேளை, தொப்பியைக் கழட்டிப்போட்டு வந்திட்டார்" என்றார்.

ஞாயிறாதலால் கடைகள் பூட்டியிருந்தன. கடற்கரைக்குப் போய், தடுப்புச்சுவரோரம் விரிப்பைப் போட்டு, பாலாம்பிகை அக்கா கொண்டு வந்த இடியப்பத்தையும் சொதியையும் மீன் பொரியலையும் சாப்பிட்டோம். இருவரும் சில வாக்கியங்கள் பேசினர், இருவருக்கும் கூச்சம். அந்த வெற்றிடத்தைப் பாலாம்பிகை அக்கா நிரப்பினார். எந்த ஊர், எந்தக் குறிச்சி, தாயாரின் தமக்கை யாரை மணந்தவர் என்று அவர் தொடுத்த விசாரணை நீண்டது. திடீரென்று ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. சுவரில் சாய்ந்தபடி கனகலிங்கம் உறங்கிப் போயிருந்தார். வாய் சற்றுத் திறந்திருந்தது. சனி இரவு உணவக வேலையை முடித்து, உறங்காமல் முதல் ரயிலைப் பிடித்து வந்தவர்.

"கண்டீரோ!" என்று பாலாம்பிகை அக்கா கொதித்தார். "பொம்பிளை பாக்க வந்த இடத்தில குறட்டை!"

நான் வசந்தமலர் அக்காவைப் பார்த்தேன். அவர் பயந்துகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ கண்முன் கிடந்தது. அவர் சிறிது நேரம் உறங்குபவரையே பார்த்தார். பிறகு எழுந்து, பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

"படுக்கட்டும், அண்ணி. எழுப்பாதேங்கோ. நானும் கோதையும் ஒருக்கா நடந்திட்டு வாறம்."

நாங்கள் துறைமுகத் தடுப்பின் நுனிவரை நடந்தோம். தூண்டில்காரர்கள் இருந்தனர்; ஒரு நாய் அவர்களுடைய மீன் வாளியைக் காவல் காத்தது. ஊருக்குள் திரும்பி, செங்கல்லால் கட்டிய நகர மன்றத்தையும் அதன் உயர்ந்த மணிக்கூண்டையும் பார்த்தோம். வசந்தமலர் அக்கா வேகமாக நடந்தார், எல்லாவற்றையும் பார்த்தார். திரும்பும் வழியில், "நான் போனது அவருக்குப் பிடிக்காட்டி இப்பவே தெரிஞ்சிடும்" என்றார்.

கனகலிங்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. "உங்களைத் தேடி அந்தப் பக்கம் தண்ணிக்குள்ளால ஓடினவர். இந்தப் பக்கம் போனவை எண்டு நான் கத்தினது கேக்கேல்லை" என்றார் பாலாம்பிகை அக்கா. அவர் கோபம் பாதி தணிந்திருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார் கனகலிங்கம். "நீங்கள் கப்பலுக்குப் போட்டியள் எண்டு நினைச்சிட்டன்." மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றவர், "என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டார்.

வசந்தமலர் அக்கா தயங்கித் தொடங்கினார். தூண்டில்காரர்கள், நாய், வாளி. "நாய் மீனைத் தின்னேல்லையோ?" என்றார் கனகலிங்கம். இல்லை, அது மற்ற நாய்களைக் கிட்ட விடவில்லை. மணிக்கூண்டு. "மேலை ஏற ஏலுமோ?" பூட்டியிருந்தது. "எவ்வளவு உயரம் வரும்?" அக்கா கையை உயர்த்திக் காட்ட, அவர் அண்ணாந்து பார்த்தார். மாலைக்குள் வசந்தமலர் அக்கா அமர்ஷம்வரை போய்விட்டார். கனகலிங்கம் ஒவ்வொரு ஊரையும் கேட்டுக் கேட்டு, ஈரக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வெங்காயம் நறுக்காமல், ஷிப்ட்டுக்குப் புறப்படாமல் ஒருவர் அந்தக் கதைகளைக் கேட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

கடைசியில் வசந்தமலர் அக்கா நேராகவே கேட்டார். "நான் சனிக்கிழமையில போறனான். கலியாணத்துக்குப் பிறகும் போவன். உங்களுக்கு ஏதும் வருத்தமோ?"

"எனக்குச் சனி வேலை. நீங்கள் போங்கோ. ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஒருக்கா எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கோ." பிறகு நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார். "பத்து மணிக்கு முதல் எழும்ப ஏலாது."

"பத்தரை ரயில் பிடிப்பம்" என்றார் அக்கா.

திரும்பும் கப்பலில் வசந்தமலர் அக்கா மேல்தளத்தின் முன்பக்கம் போய் நின்றார். காற்று பலமாக இருந்தது. பாலாம்பிகை அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

"வந்து நிக்கேக்கை அண்ணை கேப்பாரே. என்னெண்டு சொல்லுறது?"

"எனக்குச் சம்மதம், அண்ணி. நானே சொல்லுறன்."

டோவரில் இறங்கியதும் அவர் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்தார். கண்ணாடிக்கு வெளியே நாங்கள் இருவரும், எங்களுக்குப் பின்னால் பொறுமையிழந்த லாரி ஓட்டுநர் ஒருவரும் காத்து நின்றோம். அவர் பேசினார், சிரித்தார், மீண்டும் காசு போட்டார். பிறகு கதவைக் காலால் தள்ளித் திறந்து தலையை நீட்டினார்.

"அண்ணி, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். மாப்பிள்ளையின்ரை குறட்டை பெரிசோ எண்டு அண்ணை கேக்கிறார்."

"உங்கடையை விடச் சின்னன் எண்டு சொல்லு" என்றார் பாலாம்பிகை அக்கா.